உயரமான மகளுக்கு ஒரு ராத்தா



பதுளையிலோ பசறையிலோ ஹாலிஎலையிலோ ஒரு வீட்டை மனதில் நினைத்துக் கொள்ளுங்கள். அந்த வீட்டில் பதின்மூன்று வயதில் ஒரு மகள். வகுப்பில் எல்லோரையும் விட ஒரு சாண் உயரம். "இப்படியே வளர்ந்தால் மாப்பிள்ளைக்கு எங்கே போறது?" என்று உம்மம்மா கவலைப்படுகிறார். பாடசாலையில் பிள்ளைகள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அவளும் தோளைக் கூனிக் குறுக்கி நடக்கப் பழகிவிட்டாள். ஒரு நாள் விளையாட்டு ஆசிரியை அவளைக் கூப்பிட்டு வலைப்பந்துக் கம்பத்தின் கீழே நிறுத்திப் பந்தைக் கையில் கொடுக்கிறார். பந்து வளையத்துக்குள் விழுகிறது. மறுபடியும் விழுகிறது. மூன்றாம் முறையும் விழுகிறது.

வீட்டுக்கு ஓடிவந்து மகள் சொல்கிறாள்: "உம்மா, டீச்சர் என்னை நெட்போல் டீமில சேரச் சொல்றாங்க."

விடுவதா வேண்டாமா என்பது ஒவ்வொரு வீட்டிலும் உம்மாவும் வாப்பாவும் உட்கார்ந்து பேச வேண்டிய விடயம். அதைப் பற்றி இம்மாதம் நான் எழுத வரவில்லை. விடுவது என்று முடிவான பின்னர் வரும் கேள்வியை நாம் அதிகம் யோசிப்பதில்லை. பிள்ளையை யார் கையில் கொடுப்பது? பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர் பக்கத்தில் நின்று வழிகாட்டினால்தான் இளம் திறமை முழுமை பெறும் என்று எல்லோரும் சொல்கிறோம். அந்த ஒருவரை எப்படித் தெரிவு செய்வது? பெயரைப் பார்த்தா, பதக்கத்தைப் பார்த்தா, வேறு எதைப் பார்த்தா?

முதலில் இந்த விளையாட்டைப் பற்றிச் சிறிது சொல்லிவிடுகிறேன். 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பழக்கூடைகளைச் சுவரில் மாட்டி ஆரம்பித்ததுதான் கூடைப்பந்தாட்டம். அது இங்கிலாந்துக்குப் போய்ப் பெண்களுக்கென்று மாற்றி அமைக்கப்பட்டபோது வலைப்பந்தாட்டம் பிறந்தது. அவுஸ்திரேலியாவில் 1970ஆம் ஆண்டு வரையில் அதைப் "பெண்கள் கூடைப்பந்தாட்டம்" என்றே அழைத்தார்கள். இரண்டிலும் வளையத்தின் உயரம் ஒன்றுதான்: 10 அடி, அதாவது 3.05 மீற்றர். கூடைப்பந்தில் பந்து பட்டுத் திரும்பப் பின்பலகை உண்டு. வலைப்பந்தில் அது கிடையாது, வளையமும் சிறியது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் முடியாது. கைக்கு வந்த பந்தை 3 வினாடிக்குள் எறிந்துவிட வேண்டும்.

வலைப்பந்தாட்டத்துக்கு உலகம் முழுவதற்கும் ஒரே விதிமுறை வேண்டும் என்று 1960ஆம் ஆண்டு பல நாட்டுப் பெண்கள் கூடிப் பேசியது நமது இலங்கையில்தான். 1963இல் இங்கிலாந்தில் முதலாவது உலகப் போட்டி நடந்தபோது இலங்கைப் பெண்களும் போய் ஆடினார்கள். ஆகவே நமது பாடசாலை முற்றத்தில் நிற்கும் அந்த இரும்புக் கம்பம் நேற்று வந்த நாகரிகம் அல்ல. உங்களில் பலரும் உங்கள் உம்மாமாரில் சிலரும் அதன் கீழே ஆடியவர்கள்தான்.

இந்தக் கம்பத்தின் கீழே நின்று உலகைத் திரும்பிப் பார்க்க வைத்த ஒரு தமிழ்ப் பெண்ணை உங்களுக்குத் தெரிந்திருக்கும். யாழ்ப்பாணத்து ஈவினைக் கிராமத்தில் பிறந்த தர்ஜினி சிவலிங்கம். உயரம் 208 சென்ரிமீற்றர், ஏறக்குறைய 6 அடி 10 அங்குலம். சிறு வயதில் அந்த உயரத்துக்காகவே கேலிக்கு ஆளானவர். யாரும் வேண்டாம் என்று நினைத்த அந்த உயரமே பின்னர் நாட்டுக்கு வேண்டியதாயிற்று. 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் இலங்கை ஆசியச் சம்பியனானபோது அணியின் கோல் எறிபவர் அவர்தான். 2011இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் போட்டியில் மிகச் சிறந்த கோல் எறிபவராகப் பெயர் எடுத்தார். அவுஸ்திரேலியாவுக்குப் போய் அங்குள்ள கழகத்துக்கும் ஆடினார்.

2019இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் உலகக் கிண்ணப் போட்டி நடந்தபோது அவருக்கு வயது 40. அந்தத் தொடரில் மற்ற எந்த நாட்டு வீராங்கனையையும் விட அதிக கோல் போட்டவர் அவரே. ஆனால் நமது அணி வந்தது 16 நாடுகளில் 15ஆம் இடத்துக்கு. சகோதரிகளே, இந்த இரண்டு செய்தியையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒருவரின் கை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்த ஒரு கையால் அணி உயர முடியாது. 2023இல் தென்னாபிரிக்காவில் நடந்த உலகக் கிண்ணத்தோடு தர்ஜினி விடைபெற்றார். 2024இல் பெங்களூரில் ஆசியச் சம்பியன் போட்டி நடந்தபோது இறுதி ஆட்டத்தில் சிங்கப்பூர் நம்மை வென்றது. அவர் இல்லாதது மட்டுமே தோல்விக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் இருபது வருடம் பழகிய கையில் உள்ள வித்தையை அடுத்த கைக்குக் கொடுப்பது எவ்வளவு அவசரமான வேலை என்பதை இது காட்டுகிறது அல்லவா?

அப்படிக் கொடுப்பதற்கு வெளிநாடுகளில் என்னென்ன செய்து பார்த்திருக்கிறார்கள்? நமக்குப் பாடமாக இருக்கும் மூன்று கதைகளைச் சொல்கிறேன்.

கரீம் அப்துல் ஜப்பார் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நியூயோர்க்கில் பிறந்து, 1968இல் இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்கக் கூடைப்பந்து வீரர். 7 அடி 2 அங்குலம் உயரம். அவர் சேர்த்த 38,387 புள்ளிகளை 2023 வரையில் எவராலும் தாண்ட முடியவில்லை. ஒற்றைக் கையைத் தலைக்கு மேலே முழுதாக நீட்டி, மணிக்கட்டால் பந்தை வளைத்து விடும் அவருடைய எறிதலைத் தடுக்க வழியே இல்லை என்பார்கள். 2005இல் லொஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் கழகம் அன்ட்ரூ பைனம் என்ற பையனைத் தெரிவு செய்தது. பள்ளிப் படிப்பை முடித்த கையோடு வந்தவன். 18 வயது முடிந்து ஆறாம் நாள் அவன் களத்தில் இறங்கியபோது, அந்தப் போட்டிகளின் வரலாற்றிலேயே மிக இளையவன் அவன்தான். 7 அடி உயரம். இந்தப் பிள்ளையை உருவாக்க யாரை வைப்பது? கழகம் கரீமையே அழைத்தது. உலகத்தில் அதைவிடப் பெரிய பெயர் இருக்க முடியுமா?

பலன் கிடைக்காமல் போகவில்லை. பைனம் இருந்த அணி 2009இலும் 2010இலும் சம்பியனானது. 2012இல் நட்சத்திர வீரர்களின் ஆட்டத்துக்கும் அவர் தெரிவானார். ஆனால் முழங்கால் காயங்கள் தொடர்ந்தன. அதே வருடம் இன்னொரு கழகத்துக்குப் போன அவர் அங்கே ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. 2014இல், 26 வயதில், எல்லாம் முடிந்துவிட்டது. அந்தப் பையன் கெட்டிக்காரன், உழைப்பாளி, ஆனால் ஒரே அடிப்படைப் பயிற்சியை நாள்தோறும் திரும்பத் திரும்பச் செய்வது அவனுக்கு அலுத்துப் போய்விட்டது என்ற கருத்தைக் கரீம் பின்னாளில் வெளியிட்டார். குரு எவ்வளவு பெரியவராக இருந்தாலும் கேட்பவரின் மனம் தளர்ந்துவிட்டால் வித்தை இறங்காது. கழகம் குருவைத் தெரிவு செய்தது சரி. அந்தப் பையனும் தன் மனதால் அவரைத் தெரிவு செய்திருக்க வேண்டும்.

இரண்டாவது கதை ஹக்கீம் ஒலாஜுவன் உடையது. நைஜீரியாவின் லாகோஸ் நகரத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. கால்பந்தும் கைப்பந்தும் ஆடித் திரிந்தவர், ஏறக்குறைய பதினைந்து வயதில்தான் கூடைப்பந்தைத் தொட்டார். 1980இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது உயரம் இருந்தது, வேகம் இருந்தது, ஆட்டம் போதாது. அதே ஊரில் மோசஸ் மலோன் என்ற பெரிய வீரர் இருந்தார். நாட்டின் மிகச் சிறந்த வீரர் என்ற விருது பெற்றவர். போட்டி இல்லாத கோடை மாதங்களில் ஊர்ப் பொது உடற்பயிற்சி மண்டபத்துக்கு வந்து மற்ற வீரர்களோடு சும்மா ஆடுவது அவருடைய வழக்கம். "அங்கே போய் ஆடு" என்று பயிற்றுநர்கள் ஹக்கீமிடம் சொன்னார்கள்.

மோசஸ் அந்தப் பையனுக்கு விரிவுரை செய்யவில்லை. இருவரும் ஆடியது ஒரே இடம், வளையத்தின் கீழே. மோசஸ் முட்டினார், தள்ளினார், பையன் என்று பார்த்து விட்டுக் கொடுக்கவில்லை. நாள்தோறும் அந்த மண்டபத்தில் இடிபட்டு இடிபட்டு ஹக்கீம் நிற்கக் கற்றுக்கொண்டார். 1994, 1995 இரண்டு ஆண்டும் ஹூஸ்டன் அணி சம்பியனானது ஹக்கீமின் தோளில்தான். ரமழானில் நோன்பு பிடித்துக்கொண்டே, போட்டி நாளில்கூட மஃரிபுக்கு முன் ஒரு மிடறு தண்ணீர் குடிக்காமல் ஆடியவர் அவர். ஓய்வு பெற்ற பின்னர் அவரே ஆசிரியரானார். கோபி பிரையன்ட், டுவைட் ஹவார்ட், லெப்ரோன் ஜேம்ஸ் முதலிய பெரிய வீரர்கள் அவரைத் தேடிப்போய்க் காலடி அசைவுகளைக் கற்றார்கள். மோசஸிடம் தான் பெற்றதோடு தன்னுடையதையும் சேர்த்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்.

மூன்றாவது கதை ஒரு சகோதரியுடையது. நெய்ஸ்மித் கூடையை மாட்டிய அதே ஸ்பிரிங்ஃபீல்டில் வளர்ந்த பில்கீஸ் அப்துல் காதிர். உயரம் ஏறத்தாழ ஐந்தே கால் அடிதான். அந்த உயரத்தோடு தனது மாநிலத்தின் பாடசாலைப் போட்டிகளில், ஆண் பெண் எவரும் அதுவரை எட்டாத 3,070 புள்ளிகளை எடுத்தார். பல்கலைக்கழகத்தின் முதல்தர அணியில் முக்காட்டோடு, கையும் காலும் மறைத்து ஆடிய முதல் பெண் என்ற பெயரும் பெற்றார். படிப்பு முடிந்து தொழில்முறையாக ஆடப் போனபோது, தலையை மறைத்துக்கொண்டு ஆட முடியாது என்று சர்வதேசச் சம்மேளனத்தின் விதி தடுத்தது. அவர் முக்காட்டைக் கழற்றவில்லை. ஆட்டத்தைத்தான் விட்டார். பலர் சேர்ந்து குரல் கொடுத்த பின்னர் 2017 ஒக்டோபரில் அந்தத் தடை நீங்கியது. அதற்குள் அவருடைய இளமையின் நல்ல வருடங்கள் போய்விட்டன.

பில்கீஸ் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. கனடாவில் இஸ்லாமியப் பாடசாலையொன்றில் உடற்கல்வி கற்பித்தார். முஸ்லிம் சிறுமிகளுக்கென்று பயிற்சி முகாம்கள் நடத்தினார். உலகக் கிண்ணமோ தொழில்முறைப் பதக்கமோ அவரிடம் இல்லை. ஆனால் முக்காடு போட்ட ஒரு சிறுமி "எனக்கும் முடியுமா?" என்று கேட்டால், அதற்குப் பதில் சொல்லும் தகுதி அவருக்கு இருப்பதுபோல் வேறு யாருக்கு இருக்கும்?

இப்போது நமது ஊருக்கு வருவோம். இந்தக் கதைகளிலிருந்து நமது மகளுக்கு வழிகாட்டியைத் தெரிவு செய்ய என்ன எடுத்துக்கொள்ளலாம்?

முதலாவது, மகள் ஆடும் இடத்தில் ஆடியவராகப் பாருங்கள். வலைப்பந்தில் ஏழு பேர். ஒவ்வொருவருக்கும் ஓர் எல்லை உண்டு. கோல் எறிய இரண்டு பேருக்குத்தான் அனுமதி. காவல் காப்பவருக்குத் தெரிந்தது வேறு, எறிபவருக்குத் தெரிந்தது வேறு. மோசஸும் ஹக்கீமும் ஒரே இடத்து ஆட்டக்காரர்கள் என்பதை மறக்க வேண்டாம். உயரமான பிள்ளைக்கு உயரமான ஒருவர் கிடைத்தால் இன்னும் நல்லது. கூன் போடாமல் நிமிர்ந்து நிற்பது எப்படி என்பதை, தானும் ஒரு காலத்தில் கூன் போட்டு நடந்தவரே சொல்லிக் கொடுக்க முடியும்.

இரண்டாவது, வாராவாரம் வரக்கூடியவராக இருக்கட்டும். கொழும்பிலிருந்து ஒரு பிரபலம் வருடத்துக்கு ஒரு தடவை பதுளைக்கு வந்து பரிசு கொடுத்துப் படம் எடுத்துவிட்டுப் போவதில் தவறில்லை. பிள்ளைக்கு அது ஓர் உற்சாகம். ஆனால் அது வழிகாட்டல் ஆகாது. உங்கள் தெருவில், அடுத்த தோட்டத்தில், பஸ்ஸில் அரை மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு, செவ்வாயும் வியாழனும் தவறாமல் வந்து நிற்பவர் அதைவிட மேல். நமது ஊவாவில் காலநிலையும் ஒரு எதிராளி. ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை மழை. ஆடி மாதத்தில் கச்சான் காற்று பந்தைத் திசை திருப்பிவிடும். மழை நாளில் விறாந்தைச் சுவரில் பந்தடித்துப் பழக்குவதும், காற்றில் எறிவதைக் காற்றிலேயே நின்று பழக்குவதும் இந்த மலையிலேயே இருப்பவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது, அலுப்பைத் தாங்கப் பழக்குபவராகப் பாருங்கள். "முதல் மாதம் என்ன சொல்லிக் கொடுப்பீர்கள்?" என்று மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். கிண்ணம், பயணம், மாகாண அணி என்று ஆரம்பித்தால் சற்று யோசியுங்கள். "ஒரே இடத்தில் நின்று தினமும் நூறு தடவை எறிய வேண்டும்" என்று சொன்னால் அவரை விடாதீர்கள். அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இந்த விளையாட்டுக்கு மிகவும் பொருந்தும். இதற்குப் பெரிய செலவும் இல்லை. வெல்டிங் கடையில் 15 அங்குல இரும்பு வளையம் ஒன்று செய்து, குழாய் ஒன்றின் தலையில் பொருத்தி, வளையம் நிலத்திலிருந்து 10 அடி உயரத்தில் இருக்குமாறு முற்றத்தில் உறுதியாக நட்டுவிட்டால் போதும்.

நான்காவது, தன் வெற்றியோடு தன் காயத்தையும் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும். வலைப்பந்தில் ஓடிவந்து பாய்ந்து பந்தைப் பிடித்தவுடன் சட்டென்று நிற்க வேண்டும். முழங்காலை விறைப்பாக வைத்துக்கொண்டு இறங்கினால் மூட்டுக்குள் இருக்கும் தசைநார் அறுந்து போகலாம். இந்தக் காயம் ஆண் பிள்ளைகளை விடப் பெண் பிள்ளைகளுக்கு அதிகம் வருகிறது. முழங்காலை மடித்து, பாதம் நேராக இருக்க, மெதுவாக இறங்கப் பழக்குவது எறியப் பழக்குவதற்கு முந்திய பாடம். ஒரு தடவை கட்டுப் போட்டுப் படுத்தவர் அதை மறக்கமாட்டார். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் உடனே உட்கார வைப்பவரே நல்ல வழிகாட்டி. காலையில் வெறும் தேத்தண்ணீரோடு வந்த பிள்ளையைக் கண்டுபிடித்து, "முதலில் சாப்பிட்டுட்டு வா" என்று திருப்பி அனுப்புபவரும் அப்படித்தான்.

ஐந்தாவது, சத்தம் போடுவதைப் பயிற்சி என்று நினைப்பவர் வேண்டாம். கரீமின் வாழ்க்கையில் இன்னொரு அத்தியாயம் உண்டு. 1998-99 பருவத்தில் அவர் அரிசோனாவில் உள்ள அப்பாச்சி பழங்குடி மக்களின் குடியிருப்புக்குப் போய், அல்சேசே என்ற பாடசாலையில் உதவிப் பயிற்றுநராக இருந்தார். பலர் முன்னிலையில் குறை சொன்னால் சுருங்கிப்போகும் பிள்ளைகள் அவர்கள். அவர் தன் வழியை அவர்களுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அனுபவத்தை ஒரு புத்தகமாகவே எழுதினார். நமது லயத்துப் பிள்ளைகளும், வீட்டை விட்டு அதிகம் வெளியே போகாத நமது முஸ்லிம் பிள்ளைகளும் பெரும்பாலும் இந்த இயல்புதான். பத்துப் பேர் முன்னால் ஒரு வார்த்தை திட்டினால் மறுநாள் வரமாட்டார்கள். உலகமே வணங்கிய வீரர் தன்னை மாற்றிக்கொள்ள முடிந்ததென்றால் நமது ஊர்ப் பயிற்றுநருக்கு முடியாதா?

ஆறாவது, மிக முக்கியமானது. பிள்ளையின் பாதுகாப்பு. பயிற்சி திறந்த இடத்தில், நாலு பேர் பார்க்க நடக்க வேண்டும். கூடுமான வரை பெண் பயிற்றுநரையே தேடுங்கள். உம்மாவோ சாச்சியோ மாமியோ ஒருவர் போய் ஓரத்தில் உட்காருங்கள். வெளியூர்ப் போட்டி என்றால் யார் கூடப் போகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளைக்கு இரவில் தனியாகத் தொலைபேசியில் செய்தி அனுப்பும் பயிற்றுநர் வேண்டாம். "பெற்றோர் வந்தால் பிள்ளைக்குக் கவனம் சிதறும்" என்று உங்களைத் தூர நிறுத்தப் பார்ப்பவர் எத்தனை பதக்கம் வைத்திருந்தாலும் வேண்டவே வேண்டாம். உண்மையான குருவுக்கு உங்கள் கண் ஒரு பாரமாக இருக்காது.

இவ்வளவும் பார்த்த பிறகு பிள்ளையிடம் கேளுங்கள். இரண்டு மாதம் போய்ப் பார்க்கட்டும். பயிற்சி நாள் வரும்போது அவள் தானாகச் சப்பாத்தைத் தேடுகிறாளா, சாக்குத் தேடுகிறாளா என்று கவனியுங்கள். வழிகாட்டியை மாற்ற வேண்டுமானால் மரியாதையோடு, காரணம் சொல்லி, நன்றி கூறி மாற்றுங்கள். பாடசாலை விளையாட்டு ஆசிரியைக்குத் தெரியாமல் எதையும் செய்ய வேண்டாம். வலய மட்டம், மாகாண மட்டம் என்று பிள்ளையைக் கூட்டிப்போவது அவர்தான். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நடுவில் குழம்புவது உங்கள் மகள்.

இன்னும் ஒன்றை மனம் திறந்து சொல்ல வேண்டியிருக்கிறது. வழிகாட்டியைத் தேடும்போது நாம் முதலில் பார்ப்பது நம் ஆட்களா, நல்ல குடும்பமா, எந்தத் தெரு என்றுதான். ஒரு காலத்தில் மாகாணத்துக்கு ஆடிய அக்கா ஒருவர் இன்று ஒரு தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை செய்துகொண்டிருக்கலாம். கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டி மலையேறிக்கொண்டும் இருக்கலாம். ஓய்வு பெற்ற சிங்கள ஆசிரியை ஒருவர் பண்டாரவளையில் தனியாக இருக்கலாம். லயத்தில் இருப்பவர் என்பதற்காகவோ நமது மொழி பேசாதவர் என்பதற்காகவோ அவரை விட்டுவிட்டால் நஷ்டம் அவருக்கல்ல, நமது பிள்ளைக்கு. ஆடுகளத்தில் ஒரே நிறச் சட்டை போட்டு ஒருவருக்கொருவர் பந்து கொடுக்கும் பிள்ளைகளுக்கு, யாரிடம் கற்பது என்பதில் மட்டும் நாம் ஏன் வேலி போட வேண்டும்? அப்படி ஒருவர் கிடைத்தால் கூலியைப் பேசித் தீர்த்து, நேரத்துக்குக் கொடுங்கள். நாள் முழுக்க மலையில் நின்றவர் மாலையில் உங்கள் பிள்ளைக்காக நிற்கிறார் என்பதை மறந்துவிடாதீர்கள்.

கடைசியாக, இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு மட்டும் ஒரு வார்த்தை. நீங்களும் ஒரு காலத்தில் பாடசாலைக்கு ஆடியவர். சாதாரண தரப் பரீட்சை வந்தது, பிறகு கல்யாணம் வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். இப்போது உங்களை யாரும் வீராங்கனை என்று சொல்வதில்லை, நீங்களே சொல்வதில்லை. ஆனால் அந்தக் கை மறக்கவில்லை. பந்தைப் பிடிக்கும்போது விரல் எப்படி விரிய வேண்டும், எறியும்போது கண் வளையத்தின் எந்த விளிம்பைப் பார்க்க வேண்டும் என்பது உங்களுக்கு இன்னும் தெரியும். கிண்ணம் வென்றிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பில்கீஸிடமும் தொழில்முறைப் பதக்கம் ஒன்றும் இருக்கவில்லையே.

உங்கள் தெருவில் தோளைக் குறுக்கி நடக்கும் உயரமான பிள்ளை ஒன்று இருக்கும். அஸர் தொழுகை முடிந்த பின் வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? வீட்டில் கணவரிடமும் மாமியிடமும் பேசிப் பாருங்கள். பிள்ளையின் உம்மாவையும் கூட அழைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பந்துகூட வேண்டாம். நிமிர்ந்து நிற்கச் சொல்லிக் கொடுங்கள். அதற்காக அந்தப் பிள்ளை உங்களை வாழ்நாள் முழுவதும் ராத்தா என்று கூப்பிடும்.